கூட்டுக்குள் நீளும் கை

சென்ற ஆண்டு மே மாதத்தின் கடைசி நாட்கள். அஸர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் ராத்தாவின் மகன் வேல்ஸ் நாட்டில் படித்துக்கொண்டிருப்பவன். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தான். "மாமா, இதைப் பாருங்கள்" என்று தன் கைப்பேசியை நீட்டினான். உயர்ந்த கம்பம் ஒன்றின் உச்சியில் ஒரு பெரிய பறவைக் கூடு. அந்தக் கூட்டுக்கு மேலே கேமரா பொருத்தி, அங்கே நடப்பதை அந்த நேரத்திலேயே உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தாய்ப்பறவை ஒரு மீனைக் கிழித்துக் கிழித்துத் தன் மூன்று குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. ஊட்டியது என்று சொன்னாலும் இரண்டுக்குத்தான் ஊட்டியது. மூன்றாவது, எல்லாவற்றிலும் சிறியது, கழுத்தை நீட்டும்போதெல்லாம் மூத்தது அதன் தலையில் கொத்தியது. சின்னது தலையைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு கிடந்தது. மீன் தீர்ந்துபோயிற்று.

எங்கள் உம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறாங்களே, யாராச்சும் ஏறிப் போயி அந்தக் கடைக்குட்டிக்கு ஒரு துண்டு மீனைப் போட்டா என்னவாம்?" என்றார்கள்.

ஏழாண்டுகள் மதரஸாவில் கிதாபு ஓதியவன் நான். மஸ்அலா கேட்டு வருவோருக்கு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியே பழகியவன். உம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற பட்டுப்போன தென்னையின் பொந்துக்குள் கைவிட்டு ஒரு மைனாக் குஞ்சை எடுத்துவந்தேன். "அல்லாஹ்வுக்காக அதைக் கொண்டுபோய் வைத்துவிடு, தாய் கத்துது" என்று இதே உம்மாதான் சொன்னார்கள். வைத்துவிட்டேன் என்று பொய் சொல்லி, கோழிக்கூடைக்கு அடியில் மறைத்துவைத்துச் சோறும் பாலும் கொடுத்தேன். மூன்றாம் நாள் அது செத்துக் கிடந்தது. தாய் மைனா அதற்குப் பிறகும் சில நாட்கள் அந்தத் தென்னையைச் சுற்றிவந்தது.

அன்று கூட்டிலிருந்து கையை எடு என்றவர்கள் இன்று கூட்டுக்குள் கையை நீட்டச் சொல்கிறார்கள். இரண்டும் இரக்கத்திலிருந்தே வந்த சொற்கள். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? இந்தக் கேள்வி என்னைப் பல நாட்கள் விடவில்லை. வாசக நேயர்களோடு அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் அந்தப் பறவையை அறிமுகம் செய்துவிடுகிறேன். நம் நாட்டில் அதற்கு விராலடிப்பான் என்று பெயர். குளிர் மாதங்களில் நம் கடற்கரைக் கழிகளுக்கும் ஏரிகளுக்கும் வருவதுண்டு. முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல் ஒரு பட்டை. மீனைத் தவிர வேறெதையும் அது அநேகமாகத் தொடுவதில்லை. உயரத்திலிருந்து கால்களை முன்னே நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழும். வெளிப்புற விரலைப் பின்னோக்கித் திருப்பி, முன்னே இரண்டு பின்னே இரண்டு விரல்களாக மீனைப் பற்றும். வழுக்கிவிடாதபடி பாதத்தில் முட்கள்போன்ற சொரசொரப்பை இறைவன் அமைத்திருக்கிறான். பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்குமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டு பறக்கும். காற்று தடுக்காமலிருக்க அந்த ஏற்பாடு.

பிரிட்டனில் கூடு கட்டுகின்ற விராலடிப்பான்கள் குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில், பெரும்பாலும் செனகல், காம்பியா போன்ற நம் சகோதர முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் கழிக்கின்றன. ஆணும் பெண்ணும் அங்கே சேர்ந்திருப்பதில்லை. வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக வாழ்கின்றன. மார்ச்சுக் கடைசியிலோ ஏப்ரலிலோ ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்துவந்து, சென்ற ஆண்டு விட்டுப்போன அதே கூட்டில் சந்திக்கின்றன. ஒன்று முந்தி வந்தால் மற்றதற்காகக் காத்திருக்கிறது, வராமற்போவதும் உண்டு. பழைய கூட்டின்மேலேயே புதுச் சுள்ளிகளை அடுக்குவதால் ஆண்டுக்காண்டு கூடு பெருத்துக்கொண்டே போகிறது. பெண் பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். ஐந்து வாரத்துக்கு மேலாக அடைகாக்கும். அந்த நாட்களிலும், குஞ்சுகள் சிறியவையாக இருக்கும் நாட்களிலும் மீன் கொண்டுவரும் பொறுப்பு ஆணுடையது. அது மீனின் தலைப்பக்கத்தைத் தான் தின்றுவிட்டு மீதியைக் கூட்டுக்குக் கொண்டுவருவதை அடிக்கடி பார்க்கலாம். (இதைக் கண்டு எங்கள் உம்மா, "எல்லா வீட்டிலும் இதுதான்" என்று சிரித்தார்கள்.)

முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. ஓரிரு நாள் இடைவெளி விட்டுப் பொரிக்கின்றன. ஆகவே கடைசிக் குஞ்சு எப்போதும் சிறியது. மீன் தாராளமாக இருந்தால் மூன்றும் பிழைக்கும். மழையாலோ புயலாலோ மீன் குறைந்தால் மூத்தது அடித்துத் தின்னும், கடைக்குட்டி காயும். ஏழெட்டு வாரங்களில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும். பிறகு தாய் முதலில் தெற்கே போய்விடும். குஞ்சுகளும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். வழிகாட்ட யாருமில்லை, தாயுமில்லை, தகப்பனுமில்லை. ஒருமுறைகூடப் பார்த்திராத ஆப்பிரிக்கக் கரையை அவை தேடிச் செல்கின்றன.

இதையெல்லாம் பார்ப்பது வீண்பொழுது என்று சொல்ல எனக்கு நாவு எழவில்லை. அல்முல்க், அந்நஹ்ல் ஆகிய இரு சூராக்களிலும் வானத்துப் பறவைகளை மனிதன் பார்க்கவில்லையா என்னும் பொருள்பட அல்லாஹுத்தஆலா கேட்கிறான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சிந்தனைக்கென்றே ஒரு தனிக் கிதாபை ஒதுக்கியிருக்கிறார்கள். தொழுகை நேரம் தவறாமல், பிறர் ஹக்கு பறிபோகாமல் பார்க்கிறவனை நாம் தடுப்பதற்கில்லை.

ஆனால் பார்வையிலும் பல வகை உண்டு. ஸ்காட்லாந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்நாட்டில் இப்பறவையைச் சுட்டும், முட்டைகளைத் திருடியும் 1916 வாக்கில் கூடு கட்டும் இனமாகவே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அது அரிதாக ஆக ஆக முட்டை சேகரிப்போருக்கு அதன்மீது ஆசை மிகுந்தது என்பதுதான் வேடிக்கை. 1954-ல் லாக் கார்ட்டன் என்னும் ஏரியருகே ஒரு ஜோடி மறுபடி வந்தது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் அந்த மரத்தை இரவும் பகலும் காவல் காத்தார்கள். அப்படியிருந்தும் 1958 ஜூன் தொடக்கத்தில் ஓரிரவு, இருட்டில் ஒருவன் மரமேறிவிட்டான். காவலர்கள் ஓடிவந்தபோது அவன் தப்பிவிட்டான். மரத்தடியில் விராலடிப்பானின் முட்டைகள் உடைந்து கிடந்தன. கூட்டுக்குள் இரண்டு கோழிமுட்டைகள்! பூட்ஸுக்குப் போடும் பழுப்புப் பாலிஷைப் பூசி, தாயை ஏமாற்ற வைத்திருந்தான்.

சகோதரர்களே, அந்தத் திருடனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவன் பறவையை வெறுத்தவனல்லன். முட்டையின் அழகுக்காக உயிரைப் பணயம் வைத்து இருட்டில் மரமேறியவன். அவனும் ஒருவகையில் ரசிகனே. மைனாவின் பொந்துக்குள் கைவிட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனும் அப்படித்தான். எனக்கு அந்தக் குஞ்சின்மீது ஆசைதானே தவிரப் பகையில்லை. "இது அழகாயிருக்கிறது" என்ற எண்ணத்துக்கும் "ஆகவே இது என்னுடையதாக வேண்டும்" என்ற எண்ணத்துக்கும் நடுவே இருக்கிற அந்த 'ஆகவே'தான் நஃப்ஸின் வேலை.

அடுத்த ஆண்டு வாட்டர்ஸ்டன் செய்ததை நான் மிகவும் மெச்சுகிறேன். கூடு இருக்கும் இடத்தை மேலும் மறைக்காமல், 1959-ல் அதை ஊரறியச் சொல்லி, தக்க தொலைவில் ஒரு பார்வைக் குடிலும் அமைத்து, வாருங்கள், பாருங்கள் என்று அழைத்துவிட்டார். அந்த ஒரு பருவத்தில் ஏறத்தாழ பதினான்காயிரம் பேர் வந்து பார்த்தார்கள். மூன்று குஞ்சுகள் பறந்தன. ஆயிரம் கண்கள் பார்க்கும் கூட்டில் திருடனின் கை நீள்வது கடினம். பார்வையே அங்கே காவலாகிவிட்டது. இன்று பிரிட்டனில் கூடு கட்டும் ஜோடிகள் இருநூறுக்கு மேல் என்கிறார்கள்.

இவ்வளவு தூரம் சிக்கலில்லை. திருடும் கை ஹராம். தொலைவில் நின்று பார்க்கும் கண் ஆகுமானது. உம்மாவின் கேள்வியோ திருடும் கையைப் பற்றியதல்ல. ஊட்டும் கையைப் பற்றியது.

அதற்கும் நடந்த கதை உண்டு. அதே வேல்ஸ் நாட்டில்தான். டவி ஆற்றங்கரைச் சதுப்பில் 2007-ல் கம்பம் நட்டு, மேலே மனிதர்களே ஒரு தளம் அமைத்துக் கொடுத்தார்கள். 2011-ல் அங்கே குஞ்சுகள் பொரித்தன. மறு ஆண்டு, 2012 ஜூனில், மூன்று குஞ்சுகள் பொரித்திருந்த வேளையில் கடும் மழையும் புயலும் அடித்தன. தகப்பனால் மீன் பிடிக்க முடியவில்லை. தாய் நனைந்துகொண்டே குஞ்சுகளை மூடிக்கொண்டிருந்தது. இரண்டு குஞ்சுகள் இறந்தன. மூன்றாவது தலைதூக்க வலுவில்லாமல் கிடந்தது. கேமரா வழியே எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவல் குழுவினர் முடிவெடுத்தார்கள். கூட்டுக்கு ஏறி, அக்குஞ்சுக்கு மீன் ஊட்டினார்கள். அது பிழைத்தது. கெய்லான் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்று அமெரிக்காவில் நடந்தது. வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தார் வைத்திருந்த கேமராவில், 2014-லும் 2015-லும் ஒரு தாய் தன் குஞ்சுகளைச் சரியாகப் பேணாமல் கொத்துவதைப் பலர் கண்டார்கள். காப்பாற்றுங்கள் என்று கெஞ்சியும் கோபித்தும் கடிதங்கள் குவிந்தன. இயற்கையில் தலையிடுவதில்லை என்று நிலையத்தார் நின்றுவிட்டார்கள். 2016-ல் கேமராவையே நிறுத்திவிட்டார்கள்.

யார் செய்தது சரி? ஃபிக்ஹு அடிப்படையில் முதலில் பார்ப்போம். ஒருவன் வளர்க்கும் பிராணிக்குத் தீனி கொடுப்பது அவன்மீது வாஜிபு. கொடுக்க மறுத்தால் காஜியே அவனை நிர்ப்பந்திக்கலாம் என்று நம் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 660-ல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், கிழப்பருவம் எய்தியோ நோயுற்றோ இனிப் பயன்படாது என்று ஆகிவிட்ட பிராணிக்கும் செலவு செய்தேயாக வேண்டும் என்று 'கவாயிதுல் அஹ்காமி'ல் கூறுகிறார்கள். ஆனால் வானத்துப் பறவைக்கு எஜமானன் இல்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸை யாவரும் அறிவோம். அவள் தானும் ஊட்டவில்லை, அது போய்த் தேடித் தின்னவும் விடவில்லை என்பதல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டிய குற்றம்? கட்டாத பூனைக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அப்படியானால் பார்ப்பவன்மீது கடமை இல்லை. வுட்ஸ் ஹோல் நிலையத்தார் குற்றவாளிகளல்லர்.

கடமை இல்லையென்றால் கதை முடிந்ததா? தாகித்த நாய்க்குத் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு அந்த நாய் சொந்தமன்று. கிணற்றடியில் அவர் கண்ணில் பட்டது, அவ்வளவே. அவருக்கு மன்னிப்புக் கிடைத்ததென்றும், ஈரமுள்ள ஈரல்கொண்ட எந்த உயிருக்குச் செய்வதிலும் கூலி உண்டென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கண்ணில் படுவதே ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. அதில் நுழையாதவனுக்குத் தண்டனை இல்லை, நுழைந்தவனுக்கு நன்மை.

"இயற்கையில் தலையிடக் கூடாது" என்னும் வாதமும் நான் எண்ணியிருந்த அளவு உறுதியானதாகத் தெரியவில்லை. எந்த இயற்கை? கம்பத்தை நட்டவன் மனிதன். தளம் அமைத்தவன் மனிதன். ஒரு காலத்தில் வயல்களில் தெளித்த டி.டி.டி. மருந்து ஆற்றில் கலந்து, மீனில் ஏறி, மீனைத் தின்ற தாயின் உடலில் சேர்ந்து, முட்டை ஓடுகளை மெலியச் செய்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடையிலேயே முட்டைகள் உடைந்தன. அமெரிக்க அரசு 1972-ல் அம்மருந்தைத் தடை செய்யும்வரை அந்நாட்டுக் கீழைக் கடற்கரையில் கூடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. மரம் ஏறாமலே, கூடு இருப்பதுகூடத் தெரியாமலே எத்தனையோ பேரின் கை அந்தக் கூடுகளுக்குள் போயிருந்தது. கெடுக்கும்போது நீண்ட கை, காக்கும்போது மட்டும் "எனக்கென்ன உரிமை?" என்று மடங்கிக்கொள்வது என்ன நியாயம்?

இப்படிச் சொல்வதால் எல்லாரும் மரமேறலாம் என்று நான் பத்வா கொடுத்ததாக எண்ண வேண்டாம். மனிதன் ஏறினால் தாய் பறந்துபோகும். முட்டையோ சிறு குஞ்சோ குளிர்ந்துபோகும். சற்று வளர்ந்த குஞ்சுகள் மிரண்டு குதித்துவிடும். ஒரு தீங்கை அதைப் போன்ற இன்னொரு தீங்கால் நீக்கலாகாது என்பது ஃபிக்ஹில் அடிப்படை விதி. நிய்யத்து மட்டும் போதாது, இல்மும் வேண்டும். என் மைனாவுக்கு நான் கொடுத்த பாலும் சோறும் நல்ல நிய்யத்தோடு கொடுத்தவைதாம்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. இங்கிலாந்தில் ரட்லண்ட் என்னுமிடத்தில் இப்பறவை மீண்டும் வாழ வேண்டுமென்று, 1996 முதல் சில ஆண்டுகள் ஸ்காட்லாந்துக் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்துவந்து வளர்த்துப் பறக்கவிட்டார்கள். ராய் டென்னிஸ் என்னும் பறவையியலார் அதில் முன்னின்றார். 2001-ல் அங்கே முதல் குஞ்சு பொரித்தது. இன்று அது நிலைத்த குடியிருப்பு. ஆனால் ஹதீஸில் வரும் ஹும்மரா பறவையின் வரலாறு? ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் அதன் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய் சிறகை விரித்துப் படபடத்தது. யார் இதன் குஞ்சுகளை எடுத்து இதைத் துயருறச் செய்தவர் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்று அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. ரட்லண்டுக்காகக் குஞ்சை இழந்த ஸ்காட்லாந்துத் தாய் துயருறவில்லையா? ஒரு கூட்டில் ஒன்றுக்கு மேல் குஞ்சுகள் இருந்தால்தான் எடுத்தார்கள். எடுத்ததும் தங்கள் வீட்டுக் கூண்டுக்காக அல்ல. அந்த இனத்துக்கு அதனால் ஆதாயம் உண்டு. ஆகவே அது ஆகும் என்றே என் அறிவு சொல்கிறது. என் உள்ளம் அதை முழுதாக ஏற்றுக்கொண்டது என்று சொன்னால் பொய்யாகும். ஆகும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் அந்தத் தாய்க்காக மனம் சற்று வருந்துவது நல்லதென்றே நினைக்கிறேன். அந்த வருத்தம் இல்லாதவன் நாளைக்கு அவசியமில்லாமலும் எடுப்பான்.

கெய்லானின் கதை அங்கே முடியவில்லை. புயலில் பிழைத்த அந்தக் குஞ்சு அவ்வாண்டே இலையுதிர் காலத்தில் தன்னந்தனியே பறந்து செனகல் போய்ச் சேர்ந்தது. அதன் முதுகில் கட்டிவிட்டிருந்த சிறு கருவி அது போன வழியைக் காட்டிக்கொண்டிருந்தது. செனகலில் ஒரு மீன் வலையில் சிக்கி அது இறந்துபோயிற்று. அதன் தாயும் 2013 வசந்தத்தில் திரும்பி வரவில்லை.

இதை ராத்தா மகன் சொன்னபோது, "அப்படியென்றால் அன்று ஏறி ஊட்டியது வீண்தானே மாமா? சாக வேண்டும் என்று இருந்தது, செத்தது" என்றான். தக்தீரைப் பற்றி நம் வீடுகளில் சாவு விழும்போதெல்லாம் கேட்கிற பேச்சுதான் இது. நான் அவனுக்குச் சொன்னேன்: கியாமத் நாள் வந்துவிட்டாலும் கையில் கன்று இருந்தால், முடியுமானால் அதை நட்டுவிடச் சொல்கிற ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. அந்தக் கன்று காய்க்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் நடச் சொல்கிறார்கள். ஊட்டியவர்கள் ஊட்டியது ஜூன் மாதத்துப் பசிக்கு. அந்தப் பசி தீர்ந்தது. அதன் கணக்கு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. பிறகு அது தன் சிறகால் ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்தது; கடல் பார்த்தது; தானே மீன் பிடித்தது. அந்த மாதங்கள் வீணா?

"அப்ப அந்த வலைக்காரன்?" என்றான். வலைக்காரனுக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவன் பறவைக்கு வலை விரிக்கவில்லை. தன் பிள்ளைகளின் சோற்றுக்கு விரித்தான். காலையில் வலையை இழுத்தபோது அதில் இந்தப் பறவை கிடந்திருக்கும். நம் கடற்கரையில் ஆமை சிக்கிய வலையை இழுத்துவிட்டு, "யா அல்லாஹ்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வேல்ஸில் கம்பம் ஏறியவனும் செனகலில் வலை விரித்தவனும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் ஒரே பறவை இருவர் கையிலும் இருந்தது.

உம்மாவுக்கு இதையெல்லாம் நான் விளக்கிச் சொல்லவில்லை. "அங்கே ஆட்கள் இருக்காங்க உம்மா, பழகினவங்க, மிஞ்சிப்போனால் ஏறுவாங்க, இல்லாட்டி ஏறமாட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மைனாவைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள்.

அதன்பின் ராத்தா மகன் வேல்ஸுக்குத் திரும்பும்வரை, அஸர் முடிந்ததும் தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டே வந்து அவனிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "கடைக்குட்டி இன்னைக்குத் தின்னுச்சாடா?"